கம்ப்யூட்டர் கொடுத்த ஏகாதசி

ஈஜிபுராவில் குழாய்த் தண்ணீர் அடியோடு நின்று போய், டேங்கர் லாரி எந்த முனையில் திரும்பும் என்று பார்த்து ஜனங்கள் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்த கோடை அது. அந்தக் கோடையில்தான் என் பெண்டாட்டி போனாள். தேதி கேட்டால் மகனைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தேதி மனதில் நிற்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கன்னடத்தில் நம்பர் தெரியும், அவ்வளவுதான். எது எப்போது நடந்தது என்றால், அந்தச் சமயம் பக்கத்தில் வேறு என்ன நடந்தது என்று யோசித்துப் பிடித்துவிடுவேன். மகன் பிறந்தது அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை காற்றில் பறந்து போன மறுநாள். நான் பெயிண்ட் அடிக்கிற வேலையை விட்டது, கூட வேலை செய்தவன் சாரத்திலிருந்து விழுந்த வாரம். இப்படித்தான் என் கணக்கு.

இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டம் என்று கொஞ்சம் சீர் செய்து போடுகிறாள். நடுவில் நான் எங்கேயாவது போய்விட்டால், "மாமா, அத்தை விஷயத்துக்கு வாங்க" என்பாள். வருகிறேன். மெதுவாகத்தான் வர முடியும்.

ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த சந்தின் முனையில் என் பெண்டாட்டி தள்ளுவண்டி போட்டிருந்தாள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு குழம்பு. கட்டட வேலைக்காரர்கள், செக்யூரிட்டிகள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் அவளிடம்தான் சாப்பிடுவார்கள். எல்லாருக்கும் போட்டு முடித்துவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தால் பார்க்க வேண்டும். தட்டு நிறையச் சோறு வேண்டும். சப்பாத்தி, உப்புமா எல்லாம் அவளுக்குச் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருந்தால், "பட்டினி கெடந்து சாமியையே பயமுறுத்தறீங்களாடி?" என்று கேலி செய்வாள். கோயிலுக்குப் போனால் பிரசாதம் என்ன என்று முதலில் கேட்கிறவள்.

அந்தக் கோடையில் அவளுக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அடுகோடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம். மகன் அதற்கு முன்பே சந்தாபுராவில் வீடு வாங்கிப் போய்விட்டான். வேலைக்கு நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போவான். கூடவே இருந்தது நான்தான். கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிற்று, அது இன்றைக்கும் சரியாகவில்லை.

அன்றைக்குக் காலையில் அவள் சோறு கேட்டாள். நர்ஸ் கஞ்சிதான் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். இவள் கஞ்சியைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"இதயா நான் ஊருக்கெல்லாம் வடிச்சுக் கொட்டுனேன்?" என்றாள்.

"மத்தியானம் டாக்டர் வருவாரு. கேட்டுட்டு சோறு வாங்கியாறேன், இரு" என்றேன்.

இருக்கவில்லை. வெளியே கீழே யாரோ வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த வெளிச்சம் சுவரில் வந்து வந்து போனது. அவள் கை என் கையில் இருந்தது. திடீரென்று கை கனத்தது. தூங்குகிறவர்கள் கை கனப்பது வேறு, இது வேறு. முகத்தைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. நான் உடனே யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்களே என்று சும்மா இருந்தேன். அப்புறம்தான் பக்கத்து மசூதியில் மதிய பாங்கு ஆரம்பித்தது. பாங்கு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய் நர்ஸிடம் சொன்னேன்.

நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர் வந்து பாத்துச் சொல்லணும் தாத்தா. அதுக்கப்புறந்தான் எதுவும்" என்றாள். டாக்டர் ஓசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாடி மகன் வந்துவிட்டான். டாக்டர் வந்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். கீழே கவுண்டரில் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு காகிதம் கொடுத்தார்கள். மகன் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அன்றைக்கு அதை யார் படித்துப் பார்த்தார்கள்?

வருஷம் திரும்பியது. முதல் திதி வைக்க வேண்டும். உயிர் போன நேரத்தில் என்ன திதி ஓடியதோ, அதே திதியில்தான் வருஷா வருஷம் இலை போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் மகனோடு சந்தாபுராவுக்கே வந்துவிட்டேன். அவன் சோபாவில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பார்த்து, செல்போனில் பஞ்சாங்கத்தைத் தட்டினான்.

"ரெண்டே முக்கால்னு போட்டிருக்கு. அன்னைக்கு ஒன்றரை வரைக்கும் தசமி, அப்புறம் ஏகாதசி. அம்மா ஏகாதசியில போயிருக்காங்கப்பா."

"ரெண்டே முக்காலா? அவ பன்னெண்டரை பாங்குக்கு முன்னாடியே போயிட்டாளேடா. தசமிதான்."

"பேப்பர்ல இருக்குப்பா."

"பேப்பரா அவ பக்கத்துல ஒக்காந்திருந்துச்சு?"

என்னோடு சண்டை போட அவனுக்கு இஷ்டமில்லை. ஆனால் காகிதத்தை விடவும் மனசில்லை. அவன் வேலை செய்கிற இடத்தில் எல்லாமே காகிதம்தான்.

அந்தச் சமயம் என் பெண்டாட்டியின் தங்கச்சி வந்திருந்தாள். ஏகாதசி என்றதும் அவளுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. ஏகாதசியில் உயிர் போவது பெரிய பாக்கியம் என்பார்கள் இல்லையா. அன்றைக்கு சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். நான் தசமி என்று சொன்னதும் என்மேல் பாய்ந்தாள்.

"மாமா, எங்கக்கா உயிரோட இருந்தப்ப ஒரு நல்ல பட்டுப்பொடவ எடுத்துக் குடுத்திருப்பீங்களா? போனப்புறம் தானா ஒரு ஏகாதசி வந்துச்சு. அதையும் புடுங்கறீங்களே!"

"உங்கக்கா ஒரு ஏகாதசியாவது பட்டினி இருந்திருக்காளா?"

"இருக்காமலே கெடச்சுது பாருங்க, அதான் புண்ணியம்."

அடுத்து புரோகிதர். பக்கத்துக் கோயில்காரர், கன்னடக்காரர், நம்மோடு பேசும்போது தமிழில் பேசுவார். ஸ்கூட்டரை ஆஃப் செய்யாமலே வாசலில் நின்று கேட்டுக்கொண்டார்.

"ஏகாதசின்னா அன்னிக்கு நம்ம சம்பிரதாயத்துல ஸ்ரார்த்தம் இல்ல யஜமானரே. சோறு கூடாது அன்னிக்கு. மறுநாள் துவாதசிக்குத் தள்ளிப் பண்ணலாம்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. அவள் போனது தசமி. காகிதம் ஒரு நாள் தள்ளியது, புரோகிதர் இன்னொரு நாள் தள்ளுகிறார். மற்றவர்களுக்குத் திதி என்றால் என்னவோ, எனக்கு அது அவளுக்குச் சோறு போடுகிற நாள். வருஷத்தில் அந்த ஒரே நாள்தான் வருவாள் என்கிறார்கள். அவள் தசமியன்று வந்து வாசலில் நிற்பாள், உள்ளே அடுப்பு எரியாது. பசியோடு திரும்பிப் போன பிறகு நாம் இலையைப் போட்டுக் காக்கையைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? கடைசியாகக் கேட்ட சோறும் கிடைக்காமல் போனவள். இதைச் சொன்னால் மகன், "சரிப்பா, சரிப்பா" என்று முதுகைத் தட்டிக் கொடுக்கிறான். குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி.

இதில் மோசம் என்னவென்றால், போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினம் ஒருத்தர் கேட்கிறார்கள். நல்லா யோசிச்சுப் பாருங்க, பாங்குக்கு முன்னாடிதானா? அதுக்கப்புறமா இருக்கப்போவுது. வயசாயிடுச்சு பாருங்க. நானும் கண்ணை மூடி யோசித்தேன். வெல்டிங் வெளிச்சம் வந்தது, கை கனத்தது, பாங்கு கேட்டது. அதற்கு மேல் துருவினால் எல்லாம் கலங்கிப் போகிறது. சுவரில் பெயிண்ட் காயாமல் இருக்கும்போது திரும்பத் திரும்ப பிரஷ்ஷை இழுத்தால் அடியில் இருப்பதும் வழித்துக்கொண்டு வந்துவிடும். அந்த மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் துவாதசியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. அவ்வளவு அலுப்பு.

மருமகள்தான் விடவில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே கடைகளுக்கு பில் போடுகிற புரோகிராம் எழுதுகிறாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, "வாங்க மாமா, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்று என்னை அடுகோடிக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து போனோம். அந்த நர்சிங் ஹோம் படியில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினேன்.

கவுண்டரில் அன்றைக்குக் காகிதம் கொடுத்த அதே ஆள்தான் இருந்தார். நாற்பது வயசிருக்கும், கன்னடக்காரர், நல்ல மாதிரி. தேடி எடுத்து, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மருமகள் குனிந்து படித்தாள்.

"இந்த டைம் நீங்க டைப் பண்ணதா?"

"நான் என்னாத்துக்கு மேடம் டைப் பண்ணணும்? எல்லாம் போட்டு சேவ் அமுக்குனா டைம் தானே வந்துடும். இந்தக் கட்டத்துல கையே வெக்க விடாது."

"அப்போ பேஷன்ட் எறந்த டைம் எங்க இருக்கு?"

"இதான் மேடம்."

"இது நீங்க சேவ் அமுக்குன டைம்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "ஹௌது மேடம்" என்றார், ஆமாம் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாக்டர் லேட்டு அன்னிக்கு. அவர் சைன் போட்டப்புறம் நான் ஊட்டா முடிச்சு, கை கழுவிட்டு வந்து போட்டிருப்பேன். எப்பவும் அப்படித்தானே" என்றார்.

இவர் மெதுவாகச் சாப்பிட்டிருக்கிறார், என் பெண்டாட்டிக்கு ஏகாதசி கிடைத்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. பசித்த மனுஷன் சாப்பிடத்தானே வேண்டும்.

"மாத்த முடியுமா?" என்று கேட்டாள் மருமகள்.

"முடியாது மேடம். சாஃப்ட்வேர் கம்பெனிதான் மாத்தணும். ஒண்ணு பண்றேன், கீழ குறிப்பு எழுத எடம் இருக்கு. தாத்தா சொல்றத அதுல போட்டு வெக்கறேன், இருக்கட்டும். சொல்லுங்க தாத்தா."

"மதிய பாங்குக்கு முன்னாடின்னு போடுப்பா" என்றேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அந்த ஒரு வருஷத்தில் நான் சொன்னதை ஒரு ஆள் அப்படியே எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. சேவ் அமுக்கினார். "ஆய்த்து" என்று சிரித்தார், முடிந்தது என்று. சிரிப்பு பாதியில் நின்றது. மருமகள் இன்னும் கிட்டே குனிந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சொல்லு."

"அத்தை இன்னைக்குப் போனதா காட்டுது. இப்பத்தான். இந்த நிமிஷம்."

"அய்யோ தேவரே" என்று அந்த ஆள் பதறிப் போய், எழுதின குறிப்பை அழித்துவிட்டு மறுபடியும் சேவ் அமுக்கினார். நேரம் இன்னும் ஒரு நிமிஷம் தள்ளி ஓடியது.

"தொடாதீங்க! தொடத்தொட மாறும்!" என்று மருமகள் கத்தினாள். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. கேள்வி கேட்கப் போன இடத்தில் அவள் மறுபடியும் ஒரு தடவை செத்துப் போனாள், கண்ணெதிரே, ஒரு வயசு கூடி. இந்தத் தடவை கையைப் பிடிக்கக்கூட எதுவும் இல்லை. அந்த ஆள் கவுண்டரை விட்டு வெளியே வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "க்ஷமிசி தாத்தா, மன்னிச்சிடுங்க" என்றார். அவர் என்ன செய்வார்? உதவி செய்ய வந்தவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் தானாகவே சொன்னாள்.

"நாங்களும் இப்படித்தான் எழுதுவோம் மாமா. எழுதறப்போ டைம்ங்கற எடத்துல 'இப்ப'ன்னு ஒரு வார்த்த போட்டுட்டா போதும். சேவ் ஆகற நிமிஷம் என்னவோ அத மெஷினே எடுத்து உள்ள வெச்சுக்கும். யாரும் டைப் பண்ண வேணாம், தப்பு வராது. நல்ல விஷயந்தான். இன்னொரு மாதிரியும் இருக்கு, எப்ப தொட்டாலும் அப்பத்து டைமா மாத்திக்கும். கடைசியா எப்ப கை வெச்சாங்கன்னு தெரிஞ்சுக்க அது வேணும். இவங்க அதையே எறந்த டைம்னு வெச்சுட்டாங்க."

"நடந்த நேரத்த அதுக்கு யாரு சொல்றது?"

"மனுஷங்கதான் மாமா சொல்லணும். சொல்றதுக்கு ஒரு எடம் விட்டிருக்கணும். விடல."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளே எழுதி வைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னோம். முதலில் அவன் சிரித்தான். "இன்னைக்கா? இன்னைக்குக் காலையிலயா?" என்றான். அப்புறம் அந்தப் பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தான். ரெண்டே முக்கால் என்று போட்ட இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தான்.

"அப்ப இதுவும் அந்தாளு சாப்ட்டு வந்த டைம்தானா?"

"ஆமாங்க" என்றாள் மருமகள்.

அவன் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை முதுகைத் தட்டவில்லை. "நீ எனக்குப் போன் பண்ணப்ப நான் கேன்டீன்ல இருந்தேம்பா. மத்தியானச் சாப்பாடு. அத நான் யோசிக்கவே இல்ல. பேப்பர்ல இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றான். பிறகு, "தசமிக்கே வெச்சிடலாம்" என்றான்.

என் பெண்டாட்டியின் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் ஏகாதசின்னு சொல்லிட்டேன், இப்ப என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்று போனை வைத்துவிட்டாள். தசமிக்கு அவள் வரவில்லை. புரோகிதருக்குத்தான் சந்தோஷம். "ஒள்ளேதாச்சு யஜமானரே, நல்லதாப் போச்சு. துவாதசிக்கு எனக்கு வேற வீடெல்லாம் இருக்கு. தசமி ஃப்ரீ" என்றார்.

தசமியன்று மருமகள் சோறு வடித்தாள். கத்திரிக்காய்க் குழம்பு, வாழைக்காய், பாயசம், எல்லாம் வைத்தோம். மொட்டை மாடியில் இலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். இந்தப் பக்கம் காக்கையே குறைந்துபோய்விட்டது, புறாதான் எங்கே பார்த்தாலும். வெயில் மண்டையைப் பிளந்தது. மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டான். கடைசியில் ஒரே ஒரு காக்கை வந்தது. பாயசத்தைத் தொடவில்லை. சோற்றைக் கொத்தியது. நான் அதை வைத்து ஒன்றும் சொல்ல வரவில்லை, காக்கை சோற்றைத்தான் கொத்தும். எனக்குப் பொலபொலவென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சில நாள் கழித்து நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் சரி செய்துவிட்டார்களாம், பழையபடி ரெண்டே முக்கால் ஆகிவிட்டதாம். அவர்களுக்கு அதுதான் சரி. நான் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் இப்போது தன் ஆபீசில் எந்தப் புரோகிராம் எழுதினாலும், இது நடந்த நேரமா, எழுதின நேரமா என்று கேட்கிறாளாம். கூட வேலை செய்கிற பிள்ளைகள், "வந்துட்டாங்கப்பா பஞ்சாங்கம்" என்று கேலி செய்கிறார்களாம். சொல்லிச் சிரிக்கிறாள்.

எனக்கு இதை நிறைய பேரிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் எத்தனை வாசலுக்கு நடப்பேன்? இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த வேலை செய்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும்; பெங்களூரில் அப்படி ஒரு பிள்ளை இல்லாத தெரு ஏது. அதனிடம் நீங்கள் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தன் நேரத்தைப் போட்டுக்கொள்ளட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு காலி இடம் விடச் சொல்லுங்கள். கூட இருந்தவரைக் கேட்டு அதை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பின பிறகு வேறு யார் எதைத் தொட்டாலும் அது மட்டும் அசையக் கூடாது. இவ்வளவுதான், மறக்காமல் சொல்லிவிடுங்கள்.